எஞ்சிய தகைவு: எந்த முடிவுக்கு எந்த அளவீடு, எந்தக் கணிப்பு?

லேசரால் உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்கி அச்சிட்ட பாகத்தை வயர்கட்டில் (மின்பொறி பாயும் கம்பியால் அறுக்கும் இயந்திரம்) அடித்தட்டிலிருந்து அறுக்கும்போது, அதுவரை நேராக நின்றது ஓரங்களில் மேலே கிளம்பி வளைந்துவிடும். சில பாகங்கள் அறுக்கும் வரைகூடப் பொறுப்பதில்லை. அச்சிடும்போதே தாங்கிகளைப் பிய்த்துக்கொண்டு கோணி, பொடி பரப்பும் பிளேடில் இடித்து வேலையை நிறுத்திவிடும். இரண்டுக்கும் ஒரே காரணம், உள்ளே பூட்டிக்கிடக்கும் எஞ்சிய தகைவு. வெளியிலிருந்து எந்தச் சுமையும் இல்லாதபோதும் உலோகத்துக்குள் நிற்கும் இழுப்பும் அமுக்கமும்தான் அது.

அது எவ்வளவு எளிதில் உருவாகிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 316எல் துருப்பிடிக்கா எஃகின் யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) சுமார் 193 கிகாபாஸ்கல். ஒரு டிகிரிக்கு அது விரியும் அளவு, நீளத்தில் பத்து லட்சத்தில் 16 பங்கு. சுருங்கமுடியாமல் இறுக்கிப் பிடித்த எஃகில் ஒவ்வொரு டிகிரி குளிர்ச்சியும் ஏறத்தாழ 3 மெகாபாஸ்கல் தகைவை ஏற்றும். அச்சிட்ட நிலையில் இந்த எஃகு பொதுவாக 450 முதல் 500 மெகாபாஸ்கல் அளவில் நிரந்தரமாக இழுபடத் தொடங்குகிறது. அப்படியானால் வெறும் 150, 160 டிகிரி குளிர்ச்சி போதும். லேசர் உருக்கிய உலோகமோ உருகுநிலையிலிருந்து இறங்கி வருகிறது. அதுவும் நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில். கீழே ஏற்கெனவே கெட்டிப்பட்ட அடுக்குகள் அதைச் சுருங்க விடுவதில்லை. ஆகவே மேற்பரப்பருகே, பொருள் நிரந்தரமாக இழுபடத் தொடங்கும் தாங்குவரம்பை நெருங்கும் இழுதகைவும், அதைச் சமன்செய்ய உட்பகுதியில் அமுக்கத் தகைவும் இருப்பதில் ஆச்சரியமில்லை.

சரி, அதை அளப்பதா, கணிப்பதா? அளந்தால் எந்த முறையில்? கருவிப் பட்டியலிலிருந்து தொடங்கினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது என்பது என் கருத்து. கிடைக்கப்போகும் எண்ணை வைத்து என்ன முடிவெடுக்கப்போகிறோம் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாகம் எவ்வளவு கோணும் என்று தெரிந்தால் போதுமா? அச்சிடும்போது விரிசல் விடுமா என்பது கவலையா? திரும்பத் திரும்பச் சுமை ஏறும் பாகத்தின் ஆயுளைக் கணக்கிட வேண்டுமா? அல்லது ஒரு சிமுலேஷன் மாதிரியை நம்பலாமா என்று சோதிக்கிறோமா? நான்கும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்குப் பொருந்தும் முறை இன்னொன்றுக்கு வீண்செலவாகலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். எந்த நிலையில் இருக்கும் பாகத்தின் தகைவு? தட்டோடு ஒட்டியிருக்கும்போது ஒரு தகைவு, அறுத்தெடுத்த பின் ஒன்று, ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்த பின் வேறொன்று. அறுக்கும்போதே தகைவின் ஒரு பகுதி வளைவாக மாறி வெளியேறிவிடுகிறது. இதைக் குறிப்பிடாமல் “பாகத்தில் 300 மெகாபாஸ்கல்” என்று வரும் அறிக்கையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

மேற்பரப்பிலிருந்து தொடங்குவோம்

எக்ஸ் கதிர் முறை பரவலாகக் கிடைப்பது, பாகத்தைச் சிதைக்காதது. படிகத் தளங்களுக்கு (அணுக்கள் வரிசையாக அமைந்த அடுக்குகளுக்கு) இடையிலான தூரத்தைப் பல சாய்வுக் கோணங்களில் அளந்து, அந்த மாற்றத்திலிருந்து தகைவைக் கணக்கிடுகிறார்கள். சைன்-ஸ்கொயர்-சை என்று சொல்லப்படுவது இதுதான். தகைவில்லாத நிலையின் தூரம் துல்லியமாகத் தெரியாவிட்டாலும் விடை பெரிதாகக் கெடாது. இது பெரிய வசதி.

ஆனால் சாதாரண ஆய்வகக் கதிர் எஃகுக்குள் சில மைக்ரான் ஆழம்தான் போகும். பொடியில் அச்சிட்ட பரப்பின் சொரசொரப்போ 5 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். அதன் மேல் பாதி உருகிய பொடிமணிகளும் ஒட்டியிருக்கும். அந்த மேட்டு முகடுகளைப் பக்கங்களில் இறுக்கிப் பிடிக்க எதுவுமில்லை என்பதால் அங்கே தகைவு தளர்ந்துபோயிருக்கும். அச்சிட்ட பரப்பை அப்படியே அளந்துவிட்டு “தகைவு குறைவுதான்” என்று முடிவு கட்டுவது ஆபத்து. எலக்ட்ரோபாலிஷ் செய்து, அதாவது மின்வேதி முறையில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பை நீக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் அளந்தால்தான் உண்மை தெரியும். அப்போது பாகத்தைச் சிதைக்காத முறை என்ற பெயர் அரைகுறையாகத்தான் பொருந்தும். நீக்கிய அடுக்குக்கான திருத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிக்கல் கலவைகளில் படிகங்கள் அச்சிடும் திசையில் நீண்டு, ஒரே பக்கம் பார்த்து வளர்வதால் சில கோணங்களில் சிக்னலே வராமல் போவதும் உண்டு.

இத்தனை குறை இருந்தும், பரப்பை இயந்திரத்தில் கடைந்த அல்லது ஷாட் பீனிங் (சிறு குண்டுகளை வீசிப் பரப்பை அடித்து இறுக்குவது) செய்த பிறகு அந்தப் பரப்பின் நிலையை அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சுமையால் வரும் விரிசல் பெரும்பாலும் பரப்பிலோ, பரப்பை ஒட்டிய குறையிலோ தொடங்குவதால் ஆயுள் கணக்குக்கு இந்த எண் முக்கியம்.

அதற்கும் கொஞ்சம் கீழே, ஒரு மில்லிமீட்டர் ஆழம் வரை பார்க்கத் துளையிடும் முறை. நீளம் மாறுவதை உணரும் மூன்று ஸ்ட்ரெயின் கேஜ்கள் கொண்ட ரோஸெட் என்ற ஒட்டுத்தகட்டை ஒட்டி, நடுவில் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையைப் படிப்படியாக ஆழமாக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் சுற்றிலுமுள்ள உலோகம் தளர்வதைக் கேஜ் பதிவுசெய்யும். ஏஎஸ்டிஎம் இ837 என்ற தரநிலை இதற்கு உண்டு. செலவு குறைவு, கருவியைப் பட்டறைக்கே கொண்டுவரலாம். அச்சிட்ட பாகத்துக்கு இதில் இரண்டு சிக்கல். ஒன்று, சொரசொரப்பான பரப்பில் கேஜ் ஒட்டாது. தேய்த்தால் தேய்ப்பதே புதுத் தகைவை ஏற்றும். இரண்டாவது இன்னும் பெரியது. அளக்கும் தகைவு பொருளின் தாங்குவரம்பில் 80 சதவீதத்தைத் தாண்டினால் துளையின் ஓரம் நிரந்தரமாக நெளியத் தொடங்கும். கணக்கோ மீள்தன்மையை, அதாவது விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்புவதை, மட்டுமே நம்பியது. விளைவாக விடை உண்மையைவிட அதிகமாக வரும். அச்சிட்டு எந்தப் பதமும் (ஹீட் ட்ரீட்மென்ட்) செய்யாத பாகங்களில் தகைவு அந்த வரம்பருகேதான் இருக்கிறது. ஆகவே பதப்படுத்திய பாகங்களுக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பதப்படுத்தாதவற்றில் வரும் பெரிய எண்ணை ஒரு மேல்வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

உள்ளே பார்க்க: அறுத்துப் பார்ப்பதா, நியூட்ரானா

பாகத்தின் உள்ளே முழு வெட்டுமுகத்திலும் தகைவு எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்க்க இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. அதிகம் யோசிக்க வேண்டிய தேர்வும் இதுதான்.

முதலாவது கான்டூர் முறை. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் மைக் பிரைம் 2001-இல் வெளியிட்டது. பாகத்தை அசையாமல் இறுக்கிப் பிடித்து, மெல்லிய கம்பியால் வயர்கட்டில் ஒரே தளத்தில் இரண்டாக அறுக்க வேண்டும். அறுத்ததும் இழுதகைவு இருந்த இடம் உள்வாங்கும், அமுக்கத் தகைவு இருந்த இடம் புடைக்கும். தட்டையாக இருக்கவேண்டிய வெட்டுமுகத்தில் சில பத்து மைக்ரான் அளவுக்கு மேடுபள்ளம் வரும். அந்த மேடுபள்ளத்தை அளந்து, அதன் எதிர்ப்படிவத்தை மென்பொருளில் வெட்டுமுகத்தின் மேல் திணித்து மீண்டும் தட்டையாக்கினால், அதற்குத் தேவைப்பட்ட தகைவுதான் அறுக்கும் முன் அங்கே இருந்தது. ஒரே அறுப்பில் முழுப் படமும் கிடைத்துவிடும்.

அழகான முறை, கவனக்குறைவைக் கொஞ்சமும் மன்னிக்காத முறையும்கூட. இரண்டு பாதிகளின் முகங்களையும் அளந்து சராசரி எடுக்காவிட்டால், கம்பி கொஞ்சம் வழிவிலகியதும், நறுக்குத் தகைவு (வெட்டுமுகத்தின் வழியே பக்கவாட்டில் சறுக்க இழுக்கும் தகைவு) தளர்ந்ததும் விடையில் கலந்துவிடும். பிடிமானம் இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் அறுக்கும் நடுவிலேயே பாகம் நகரும். அளந்த மேடுபள்ளத்தை எந்த அளவுக்கு மழமழப்பாக்குவது என்பதைச் செய்பவர்தான் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானம் உச்சத் தகைவின் எண்ணை மாற்றும். விளிம்பை ஒட்டிய பகுதியில் விடையை நம்ப முடியாது. அதோடு, வெட்டுமுகத்துக்குச் செங்குத்தான தகைவு மட்டுமே கிடைக்கும்.

இருந்தாலும் அச்சிட்ட பாகத்துக்கு இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. அடித்தட்டோடு சேர்த்தே அறுக்கலாம். தட்டோடு ஒட்டிய நிலையில் உள்ளே என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமானால், அதைத் தட்டிலிருந்து எடுக்காமலே பார்க்கும் வாய்ப்பு இது. படிகம் எந்தத் திசையில் வளர்ந்திருந்தாலும், கலவை இடத்துக்கிடம் மாறியிருந்தாலும் இந்த முறைக்குக் கவலையில்லை. வயர்கட்டும் நல்ல முப்பரிமாண அளவுக் கருவியும் இருக்கும் இடத்தில் செய்துவிடலாம்.

இரண்டாவது நியூட்ரான் விளிம்பு விலகல். எக்ஸ் கதிருக்குப் பதில் நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, படிகத் தளங்களில் அது சிதறும் கோணத்திலிருந்து தூரத்தை அளப்பது இது. எஃகில் சில சென்டிமீட்டர், அலுமினியத்தில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஊடுருவும். பாகத்தைத் தொடாமலே உள்ளே ஒரு சிறு கனசதுரத்தைக் குறிவைத்து மூன்று திசையிலும் அளக்கலாம். அந்தக் கனசதுரம் வழக்கமாக ஒரு பக்கம் 1 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கும். கிரெனோபிலின் ஐஎல்எல், பிரிட்டனின் ஐசிஸ், ஆஸ்திரேலியாவின் ஆன்ஸ்டோ, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் போன்ற பெரிய மையங்களில் மட்டுமே இதற்கான கருவி உண்டு. விண்ணப்பம் எழுதி, அது மதிப்பிடப்பட்டு, முறை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 21432 இதன் தரநிலை.

நியூட்ரான் என்றாலே மறுபேச்சில்லாத உண்மை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். இந்த முறை அளப்பது படிகத் தளங்களின் தூரத்தை. அது எவ்வளவு மாறியது என்று சொல்ல, தகைவே இல்லாதபோது அது எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். அந்த ஆதார அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழை வந்தால் என்ன ஆகும்? பிழை மூன்று திசையிலும் ஒரேபோல் ஏறும். யங் குணகம் 193 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே சுருங்கும் விகிதம்) 0.3 என்று வைத்தால், 193-ஐ 0.4-ஆல் (ஒன்றிலிருந்து அந்த விகிதத்தை இரண்டு முறை கழித்தது) வகுத்துப் பத்தாயிரத்தில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். விடை சுமார் 48 மெகாபாஸ்கல். அச்சிட்ட உலோகத்தில் உருகிக் கெட்டிப்படும் வேகத்தால் கலவைத் தனிமங்கள், கெட்டிப்படும்போது உருவாகும் நுண்ணறைகளின் ஓரங்களில் சேர்ந்துவிடுகின்றன. ஹீட் ட்ரீட்மென்டில் அவை மீண்டும் கரைந்து பரவும்போது ஆதாரத் தூரமே மாறிவிடுகிறது. பொடியை வைத்தோ, பதப்படுத்திய துண்டை வைத்தோ ஆதார அளவை எடுத்தால், தகைவென்று காட்டுவதில் ஒரு பகுதி கலவை மாற்றமாகத்தான் இருக்கும். அதே நிலையில் அச்சிட்ட இரட்டைப் பாகத்தை, அதே இடங்களில், சிறு கட்டைகளாக வெட்டித் தளர்த்தி அளப்பதுதான் சரி. அதாவது, பாகத்தைச் சிதைக்காத முறைக்கு அதன் இரட்டையைச் சிதைக்க வேண்டியிருக்கிறது. அதோடு, வெட்டுமுகத்தில் விசைகளின் கூட்டுத்தொகை சுழியாகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பு இல்லாத நியூட்ரான் அறிக்கையை நான் முழுதாக ஏற்க மாட்டேன்.

டைட்டானியக் கலவைக்கு நியூட்ரான் இன்னும் கடினம். அது நியூட்ரானைப் பலவீனமாகவே ஒழுங்காகச் சிதறடிக்கும், பின்னணி இரைச்சலோ அதிகம். ஒரே புள்ளிக்கு நீண்ட நேரம் பிடிக்கும். விமானப் பாகங்களில் அதிகம் அச்சிடப்படும் உலோகங்களில் ஒன்றுக்கே இந்த நிலை. அங்கே கான்டூர் முறைதான் என் முதல் தேர்வு. நிக்கல், எஃகு என்றால் நியூட்ரான் நன்றாகவே வேலைசெய்யும்.

பெரிய துகள் முடுக்கியிலிருந்து வரும் செறிவான சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர் இன்னும் நுண்ணிய இடைவெளியில் பார்க்க உதவும், மெல்லிய சுவர்களுக்குப் பொருத்தம். ஒலி அலை, பார்க்ஹவுசன் இரைச்சல் (காந்தமாக்கும்போது உலோகத்தில் எழும் சிறு துடிப்புகள்) ஆகியவை ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான பாகங்களை ஒன்றோடொன்று ஒப்பிடச் சரி. தகைவின் எண்ணுக்கு அவற்றை நம்ப வேண்டாம்; அச்சிட்ட பொருளின் படிக அமைப்பும் அதே சிக்னலை மாற்றுகிறது.

கணிப்பின் பக்கம்

50 மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடுக்கு 40 மைக்ரான், லேசர் கோடுகளுக்கு இடையே 0.1 மில்லிமீட்டர். கன அளவை இவ்விரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் லேசர் ஓடிய தூரம் 31 கிலோமீட்டர் வருகிறது. அடுக்குகள் 1,250. லேசர் பட்ட இடத்தில் உருகி நிற்கும் உருகுகுளமோ ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான். அந்த 31 கிலோமீட்டரை உருகுகுளத்தின் அளவிலேயே படிப்படியாகக் கணக்கிடுவது என்றால் முப்பது கோடிப் படிகள். முழுப் பாகத்துக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. எதைச் சுருக்குகிறோம் என்பதில்தான் கணிப்பு முறைகள் வேறுபடுகின்றன.

வெப்பத்தையும் விசையையும் சேர்த்துக் கணக்கிடும் முறை பல அடுக்குகளை ஒன்றாகக் கட்டி, வெப்பத்தை ஏற்றிக் குளிரவைத்து, நெளிவைப் பின்தொடர்கிறது. உயரமான மெல்லிய சுவரில் வெப்பம் சேர்ந்துகொண்டே போவதைப் பிடிக்க இதுதான் வழி. ஆனால் இதற்கு உருகுநிலை வரையிலான பொருள் குணங்கள் வேண்டும். பல கலவைகளுக்கு அந்த உயர்வெப்ப எண்கள் அரிது. டைட்டானியக் கலவையில் உயர்வெப்பத்தில் தகைவு தானாகத் தளர்வதைச் சேர்க்காவிட்டால் கணிப்பு உண்மையைவிட மிக அதிகமாக வரும். மாரேஜிங் எஃகு போன்றவற்றில் குளிரும்போது படிக அமைப்பு மாறி விரிவதையும் சேர்க்க வேண்டும்.

உள்ளார்ந்த திரிபு (உலோகத்துக்குள் பூட்டிக்கொண்ட சுருக்க அளவு) முறை எளிது. வெல்டிங்குக்காக 1970-களில் ஒசாகாவில் உயேதா குழு உருவாக்கிய கருத்து இது. வெப்பத்தைக் கணக்கிடுவதே இல்லை. ஒவ்வொரு அடுக்கும் இவ்வளவு சுருங்கும் என்று ஒரு எண்ணைக் கொடுத்து, அடுக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிச் சமநிலை தேடுகிறது. சாதாரணக் கணினியில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வணிக மென்பொருள்கள் பலவற்றில் அடிப்படை இதுவே. அந்த எண்ணைப் பெற, அடியில் பற்கள் வைத்த ஒரு சட்டத்தை அச்சிட்டு, பற்களை அறுத்துவிட்டு, நுனி எவ்வளவு தூக்கியது என்று அளக்க வேண்டும். லேசர் திசை மாறினால் திரிபும் மாறும் என்பதால் இரண்டு திசையிலும் ஒவ்வொரு சட்டம்.

இந்த முறை கோணலை நன்றாகவே கணிக்கிறது. அதனாலேயே ஒரு பொறியும் இருக்கிறது. சட்டத்தின் நுனி எவ்வளவு தூக்கும் என்பது, தகைவுப் பரவலின் வளைவுத் திருப்பத்தை (தகைவெல்லாம் சேர்ந்து சட்டத்தை வளைக்கும் மொத்த விளைவை) மட்டுமே பொறுத்தது. மேல்பரப்பை ஒட்டி மெல்லிய பட்டையில் 600 மெகாபாஸ்கல் இருந்தாலும், அகலமான பட்டையில் 300 மெகாபாஸ்கல் பரவியிருந்தாலும், திருப்பம் ஒன்றாக இருந்தால் நுனி ஒரே உயரம்தான் தூக்கும். விரிசலுக்கும் ஆயுளுக்கும் இந்த இரண்டும் முற்றிலும் வேறு. ஆகவே “வளைவு பொருந்திவிட்டது, எனவே தகைவும் சரி” என்ற முடிவு தவறு. சில மென்பொருள் அமைப்புகளில் கணக்கு முழுக்க மீள்தன்மையில் ஓடுவதால், வண்ணப் படத்தில் பொருளால் தாங்கவே முடியாத தகைவு வந்து நிற்கும். அப்படி ஒரு படம் வந்தால் கோணலை மட்டும் எடுத்துக்கொண்டு தகைவை விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவின் தரநிலை, அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2018-இல் நடத்திய ஏஎம்-பெஞ்ச் என்ற பொதுச் சோதனை இதற்கு நல்ல அளவுகோல். 75 மில்லிமீட்டர் நீளமுள்ள பாலம் போன்ற ஒரு வடிவத்தை நிக்கல் கலவை 625-லும் 15-5 துருப்பிடிக்கா எஃகிலும் அச்சிட்டு, நியூட்ரான், சின்க்ரோட்ரான், கான்டூர் முறைகளில் உள்ளே அளந்தார்கள்; கால்களை அறுத்து வளைவையும் அளந்தார்கள். கணிப்பாளர்கள் விடை வெளியாகும் முன்பே தங்கள் எண்களை அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பதும் வளைவும் தனித்தனியாகக் கேட்கப்பட்டதுதான் அதன் பலம். மென்பொருள் வாங்கப்போகிறவர்கள் விற்பவரின் விளக்கப் படங்களைக் கேட்பதைவிட, பொதுவில் கிடைக்கும் இந்த அளவீடுகளோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லலாம். சட்டத்தை வைத்துச் சீராக்கிய மாதிரியை அதே சட்டத்தோடு ஒப்பிட்டுக் காட்டினால் அது சோதனை ஆகாது.

இயந்திரக் கற்றல் பற்றியும் கேட்கிறார்கள். சிமுலேஷன் விடைகளைக் கற்று வேகமாகச் சொல்லும் மாதிரிகள் பயனுள்ளவைதான். ஆனால் அவை கற்ற சிமுலேஷனின் பிழையையும் சேர்த்தே சொல்லும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பாகத்தைத் தட்டோடு வைத்தே ஹீட் ட்ரீட்மென்ட் செய்துவிட்டு அறுக்கப்போகிறீர்கள், அதிகச் சுமையும் இல்லை என்றால் தகைவை அளக்கவே வேண்டாம். வடிவத்தை மட்டும் அளந்து பாருங்கள். அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

கோணல்தான் பிரச்சினை என்றால் பற்கள் வைத்த சட்டமும் உள்ளார்ந்த திரிபு முறையும் போதும். வடிவத்தை எதிர்த்திசையில் முன்கூட்டியே வளைத்து வடிவமைக்கவும் அதே கணிப்பு உதவும். அச்சிடும்போதே தாங்கி பிய்கிறது, விரிசல் விடுகிறது என்றால் வெப்பக் கணக்கோடு கூடிய சிமுலேஷனுக்குப் போக வேண்டும். ஆனால் அதற்கு முன் தட்டைச் சூடாக்குவது, ஒவ்வொரு அடுக்கிலும் லேசர் திசையைத் திருப்புவது போன்றவற்றை முயன்று பாருங்கள். அலுமினியக் கலவைகளில் 200 டிகிரித் தட்டே கோணலைக் கணிசமாகக் குறைக்கிறது. எலக்ட்ரான் கற்றை இயந்திரங்களில் பொடிப் படுக்கையே பல நூறு டிகிரியில் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஆயுள் கணக்குக்கு, இறுதிப் பரப்பு நிலையில் எக்ஸ் கதிரும் அடுக்கு நீக்கமும்; அதற்குக் கீழே துளையிடல். இரண்டும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். தடித்த பாகத்தில் உள்ளே என்ன என்பதும் முக்கியம் என்றால் கூடவே ஒரு கான்டூர் அறுப்பு. மூன்றும் சேர்ந்தால் பரப்பிலிருந்து நடுவரை ஒரு தொடர்ச்சி கிடைக்கும். நியூட்ரான் செலவைவிட இது பல மடங்கு எளிது.

அறுக்கவே முடியாத ஒரே ஒரு பாகம், அல்லது பல கலவைகளுக்குப் பயன்படப்போகும் ஒரு சிமுலேஷன் மாதிரியின் தகுதிச் சோதனை: இந்த இரண்டுக்கும் நியூட்ரான் தகும். அதற்கும் இரட்டைப் பாகத்தை அச்சிடும்போதே திட்டமிட வேண்டும். ஆறு மாதம் கழித்து வேறு பொடியில், வேறு லேசர் அமைப்பில் அச்சிட்ட துண்டு ஆதார அளவுக்கு உதவாது.

எந்தத் தேர்வாக இருந்தாலும் ஒவ்வொரு தட்டிலும் ஓரத்தில் ஒரு பற்சட்டத்தைச் சேர்த்து அச்சிடுவது நல்லது. லேசர் கண்ணாடியில் படிந்த தூசி, மாறிய பொடித் தொகுதி, மாறிய வாயு ஓட்டம் எல்லாம் நுனி தூக்கும் உயரத்தில் தெரியவரும். அந்த உயரத்தைப் பொடித் தொகுதி, தட்டின் வெப்பம், லேசர் அமைப்பு ஆகியவற்றோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். பிறகு எக்ஸ் கதிரோ கான்டூரோ காட்டும் எண் எந்த அச்சிடலுக்கு உரியது, எதற்கு இல்லை என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.